நிழலும் ஒளியும்: மரங்களுக்கு அருகில் வாழ்வது நமக்கு என்ன செய்கிறது?

(இணையவழி இலக்கிய நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிட்னியிலிருந்தும் மெல்பேர்ணிலிருந்தும் இணைந்திருக்கும் நண்பர்களுக்கும், யாழ்ப்பாணம், சென்னை, ரொறொன்ரோ என்று வெவ்வேறு நேரங்களில் விழித்திருந்து இந்த நேரலையைப் பார்ப்பவர்களுக்கும் நன்றி. நான் பேசிக்கொண்டிருக்கும் மேற்குச் சிட்னி, தாருக் மக்களின் பூர்வீக நிலம். அவர்களுக்கும் அவர்களுடைய மூத்தோருக்கும் என் மரியாதை.

வழக்கமாக இங்கே சிறுகதை, நாவல், கவிதை என்று பேசுவோம். இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு இயற்கையும் உடல்நலமும். இலக்கிய அரங்கில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, அங்குள்ள மரம், பறவை, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என்று வைத்து, மனிதரின் உணர்ச்சியை உரிப்பொருளாக அவற்றோடு சேர்த்தே எண்ணிய இலக்கணம் நம்முடையது. நாம் இருக்கும் இடத்துக்கும் நம் மனநிலைக்கும் தொடர்பு உண்டு என்பது தமிழருக்குப் புதிய செய்தி அன்று. அந்தத் தொடர்பை இன்று அளந்து பார்க்கிறார்கள். அந்த அளவீடுகளில் முக்கியமான சில, நாம் வாழும் இதே சிட்னியிலும் மெல்பேர்ணிலும் செய்யப்பட்டவை. அவற்றைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நான் வைத்தியர் அல்லன். படித்தவற்றையும் பார்த்தவற்றையும் ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன். முழு உரையிலும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: வருடத்துக்கு ஒருமுறை புளூ மவுண்டன்ஸ் போய்ப் படம் எடுத்து வருவதைவிட, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மரத்தடிக்கு அடிக்கடி போவது நமக்கு அதிகம் உதவும்.

ஒரு வைத்தியசாலை ஜன்னல்

இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று 1984இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. ரொஜர் உல்ரிச் என்பவர், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு வைத்தியசாலையில், 1972 முதல் 1981 வரை பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். அந்த விடுதியில் சில அறைகளின் ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மற்ற அறைகளின் ஜன்னல் வழியே செங்கல் சுவர்தான் தெரிந்தது. வயது, பாலினம் முதலியவற்றில் ஒத்திருந்த 23 சோடிகளை அவர் ஒப்பிட்டார். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாட்களில் வீடு திரும்பினார்கள். சுவரைப் பார்த்தவர்களுக்கு 8.70 நாட்கள் ஆயின. மரத்தைப் பார்த்தவர்கள் கடுமையான வலிநிவாரணிகளைக் குறைவாகவே கேட்டிருந்தார்கள்.

வெறும் 46 பேர். சிறிய ஆய்வுதான். ஆனால் இயற்கை நல்லது என்ற பொதுப்பேச்சை நாட்கணக்காகவும் மாத்திரைக்கணக்காகவும் எண்ணிப் பார்க்க முடியும் என்று அது காட்டியது. பிறகு வந்தவர்கள் அந்த வழியில் நடந்தார்கள்.

புல்வெளி போதாது, மரம் வேண்டும்

இப்போது நம் ஊருக்கு வருவோம். நியூ சவுத் வேல்ஸில் 45 வயதுக்கு மேற்பட்டவர்களை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து அவதானித்துவரும் பெரிய ஆய்வுத்திட்டம் ஒன்று உண்டு. அந்தத் தரவுகளை வைத்து, அப்போது வொலொங்கொங் பல்கலைக்கழகத்தில் இருந்த தோமஸ் அஸ்ரெல்-பேட், சியாவோச்சி ஃபெங் என்ற இருவர் 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிட்னி, நியூகாசில், வொலொங்கொங் நகரங்களில் வாழும் 46,786 பேர் அதில் அடக்கம். ஒவ்வொருவரின் வீட்டைச் சுற்றியும் 1.6 கிலோமீற்றருக்குள் எவ்வளவு பசுமை இருக்கிறது, அது என்ன வகைப் பசுமை என்று கணக்கிட்டார்கள். சராசரியாக ஆறு ஆண்டுகள் கழித்து அவர்களின் நலத்தை மீண்டும் பார்த்தார்கள்.

சுற்றுவட்டாரத்தில் 30 சதவீதமோ அதற்கு மேலோ மரக்கிளைகளின் நிழல் விழும் இடங்களில் வாழ்ந்தவர்களை, 10 சதவீதத்துக்கும் குறைவான இடங்களில் வாழ்ந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். முதலாமவர்களுக்குப் புதிதாக மன உளைச்சல் ஏற்படும் வாய்ப்பு 31 சதவீதம் குறைவாக இருந்தது. “என் உடல்நிலை சுமார்தான்” என்று சொல்லும் நிலைக்கு இறங்கும் வாய்ப்பும் ஏறத்தாழ அதே அளவு குறைந்திருந்தது.

இதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது அடுத்த முடிவு. வெறும் புல்தரை அதிகமாக உள்ள இடங்களில் இந்த நன்மை காணப்படவில்லை. சில அளவீடுகளில் நிலைமை மோசமாகக்கூட இருந்தது. பச்சையாக இருந்தால் போதும் என்பது சரியல்ல. ஒரு மரமும் இல்லாமல் வெயிலில் காயும் பெரிய புல்வெளியில் யார் உட்காரப் போகிறார்கள்? நிழல் இருந்தால்தான் நடப்போம், நிற்போம், இன்னொருவரோடு பேசுவோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த வகை ஆய்வுகள் இரண்டு விடயங்கள் சேர்ந்து வருவதைக் காட்டுகின்றன. ஒன்றால்தான் மற்றது வந்தது என்று முடிந்த முடிவாகச் சொல்வதில்லை. மரங்கள் நிறைந்த பகுதிகளில் வசதியானவர்கள் வாழ்வது உலக வழக்கம். வசதியானவர்கள் ஆரோக்கியமாக இருப்பதும் வழக்கம். ஆய்வாளர்கள் வருமானம், கல்வி முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்திருக்கிறார்கள். இருந்தாலும் இதை மாத்திரைச் சீட்டைப்போல நினைக்கக்கூடாது. மன அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ மருந்து எடுப்பவர், பூங்காவுக்குப் போகிறேன் என்று மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

எப்படி வேலை செய்கிறது?

மரம் நமக்குள் என்ன செய்கிறது? மூன்று வழிகளைச் சொல்லலாம்.

முதலாவது, தீமையைத் தடுப்பது. மரம் வெயிலை மறைக்கிறது. இலைகள் நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிரவைக்கின்றன. வீதியின் இரைச்சலும் தூசியும் ஓரளவு குறைகின்றன.

இரண்டாவது, களைத்த மனதை ஆற்றுவது. ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். கணினித் திரை, வாகன நெரிசல், கணக்குவழக்கு எல்லாம் நம் கவனத்தை வலிந்து பிடித்து வைத்திருக்கின்றன. அந்தப் பிடி நேரம் போகப்போகத் தளரும். பிழைகள் வரும், எரிச்சல் வரும். அசையும் இலையும் ஓடும் மேகமும் நம் கவனத்தை வலிக்காமல் ஈர்க்கின்றன. அந்த நேரத்தில் களைத்த பகுதி ஓய்வெடுக்கிறது. மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் கேற் லீ என்பவரும் குழுவினரும் 2015இல் இதைச் சோதித்தார்கள். சலிப்பூட்டும் கணினி வேலை ஒன்றை 150 மாணவர்களுக்குக் கொடுத்து, நடுவில் 40 விநாடிகள் ஒரு படத்தைப் பார்க்கவைத்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பூத்திருக்கும் பசுங்கூரையின் படம். மற்றவர்களுக்கு வெறும் கொங்கிறீட் கூரையின் படம். பசுங்கூரையைப் பார்த்தவர்கள் அதன்பின் குறைவான பிழைகளே விட்டார்கள். நாற்பதே விநாடிகள், அதுவும் படம்!

மூன்றாவது, நம்மை இயங்கவைப்பது. மரமிருந்தால் நடக்கிறோம். நடந்தால் ஆட்களைச் சந்திக்கிறோம். இரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம் என்று எல்லாவற்றுக்கும் அந்த நடை நல்லது. ஜப்பானில் 1982இல் வனத்துறை ‘சின்ரின்-யோக்கு’ என்ற சொல்லை அறிமுகப்படுத்தியது. வனக்குளியல் என்று நாம் தமிழில் சொல்லலாம். அவசரமில்லாமல், எங்கும் போய்ச்சேர வேண்டிய தேவையில்லாமல் காட்டில் இருப்பதுதான் அது. அப்படி இருந்தவர்களிடம் மன அழுத்தத்தோடு தொடர்புடைய கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் குறைவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் கேட்டறிந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, கிழமைக்கு 120 நிமிடங்கள் என்றது. அதற்குக் குறைவாக வெளியில் இருந்தவர்களிடம் தெளிவான நன்மை தெரியவில்லை. ஒரேயடியாக இரண்டு மணி நேரம் போனாலும் சரி, பிரித்துப் பிரித்துப் போனாலும் சரி, வித்தியாசம் இல்லை. நாளொன்றுக்குப் பதினேழு, பதினெட்டு நிமிடங்கள்தான்.

பிள்ளைகளின் கண்

இனிச் சொல்லப்போவதைப் பெற்றோர்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும்.

நம் பிள்ளைகளின் சனி, ஞாயிறு எப்படிப் போகிறது? காலையில் தமிழ்ப் பாடசாலை. அது முடிய செலெக்டிவ் பரீட்சைக்கான ரியூசன். பிறகு வயலின் அல்லது மிருதங்கம். இடையில் கார். காரிலிருந்து மண்டபம், மண்டபத்திலிருந்து கார். இவற்றில் எதையும் நான் குறைசொல்லவில்லை. தமிழ்ப் பாடசாலை நடத்துகிறவர்களின் உழைப்பு எனக்குத் தெரியும். ஆனால் இந்த நிரலில் வானம் எங்கே இருக்கிறது?

சிட்னியில் கத்ரின் ரோஸ், இயன் மோர்கன், போல் மிச்சல் முதலியோர் பிள்ளைகளின் கிட்டப்பார்வை பற்றிப் பெரிய ஆய்வொன்றை நடத்தினார்கள். 2008இல் வெளிவந்த அதன் ஒரு பகுதியில், சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை, ஆறு ஏழு வயதினரை, ஒப்பிட்டார்கள். இரண்டு இடத்திலும் பெற்றோருக்குக் கிட்டப்பார்வை இருப்பது ஏறத்தாழ ஒரே அளவு: சிட்னியில் 68 சதவீதம், சிங்கப்பூரில் 71 சதவீதம். ஆனால் பிள்ளைகளில்? சிங்கப்பூரில் 29.1 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3.3 சதவீதம் மட்டுமே. சிட்னிப் பிள்ளைகள் குறைவாகப் படித்தார்களா என்றால் அதுவும் இல்லை. அவர்கள்தான் கூடுதலாகப் புத்தகம் வாசித்தார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றில்தான் இருந்தது. சிட்னிப் பிள்ளைகள் கிழமைக்கு 13.75 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3.05 மணி நேரம்.

காரணம் வெளிச்சம் என்று கருதுகிறார்கள். வீட்டுக்குள் விளக்குப் போட்டாலும் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். வெளியில் மேகமூட்டமான நாளிலும் அது 10,000 லக்ஸ் அளவில் இருக்கும். மர நிழலில்கூட வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு. பலமான வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற பொருள் சுரக்கிறது. அது கண்விழி அளவுக்கு மீறி நீளமாக வளர்வதைக் கட்டுப்படுத்துகிறது. கண்விழி நீண்டுபோவதுதான் கிட்டப்பார்வை.

இது வெறும் ஒப்பீட்டோடு நிற்கவில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் சில பாடசாலைகளில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடங்கள் கூடுதலாக வெளியில் இருக்க நேரம் ஒதுக்கினார்கள். மற்றப் பாடசாலைகளில் வழக்கம்போல விட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வெளியில் விடப்பட்ட பிள்ளைகளில் 30.4 சதவீதத்தினருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றவர்களில் 39.5 சதவீதம். 2015இல் இது வெளியானது. தைவானில் 2010 முதல் பாடசாலைப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடங்கள் வெளியில் இருக்க ஊக்குவிக்கிறார்கள்.

கண்ணாடி போட்டால் சரிதானே என்று நினைக்கலாம். கிட்டப்பார்வை கடுமையானால், பிற்காலத்தில் விழித்திரை விலகல், கண் அழுத்தநோய் போன்றவற்றின் ஆபத்தும் கூடுகிறது. கண்ணாடியால் எழுத்துத் தெரியும். நீண்ட கண் திரும்பச் சுருங்காது. ஏற்கெனவே வந்த கிட்டப்பார்வையை விளையாட்டு மாற்றிவிடும் என்றும் எண்ண வேண்டாம். வருமுன் காப்பதில்தான் அதன் பலன்.

ஆகவே தமிழ்ப் பாடசாலை நடத்தும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பாடத்தையாவது வெளியில், மரத்தடியில் நடத்துங்கள். இலை, கிளை, வேர், நிழல், கூடு என்ற சொற்களை வெண்பலகையில் எழுதிக் காட்டுவதைவிடக் கையில் எடுத்துக் காட்டுவது எளிது. மொழியும் வளரும், கண்ணும் பிழைக்கும்.

பெற்றோரின் தனிமை

பிள்ளைகளுக்கு அடுத்து நான் நினைப்பது நம் பெற்றோரை.

ஊரில் என் அம்மாவின் நாள் முற்றத்தில் தொடங்கும். வேப்ப மரத்தடியில் சருகு கூட்டுவார். வேலிக்கு மேலால் அடுத்த வீட்டாரோடு கதைப்பார். கிணற்றடி வாழைக்குத் தண்ணீர் பாயும் வழியைத் திருத்துவார். யாரும் அதைத் தேகப்பயிற்சி என்றோ மனநலம் என்றோ சொன்னதில்லை. அவர் சிட்னிக்கு வந்தபோது எங்கள் வீடு இரண்டாம் மாடியில் இருந்தது. நாங்கள் வேலைக்குப் போனபின் தொலைக்காட்சியும் தொலைபேசியும்தான் துணை. ஆறு மாதத்தில் முழங்கால் இறுகிவிட்டது, தூக்கம் கெட்டது, கதையும் குறைந்தது. குடும்ப வைத்தியர் மருந்தோடு சேர்த்து, தினமும் அரை மணி நேரம் பூங்காவுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். தெருமுனைப் பூங்காவில் ஒரு பெரிய யூகலிப்டஸ் மரம், அதன் கீழ் ஒரு வாங்கு. சில கிழமைகளில் அதே வாங்குக்கு வரும் ஒரு குஜராத்தி அம்மாவும் ஒரு லெபனான் பாட்டியும் அவருக்குச் சிநேகிதர்கள் ஆனார்கள். மூவருக்கும் பொதுமொழி கிடையாது. பேரப்பிள்ளைகளின் படங்களும் முருங்கைக்காயும் கைமாறின. முழங்கால் முழுதாகக் குணமாகவில்லை. ஆனால் மாலையில் நாங்கள் வீடு திரும்பும்போது சொல்வதற்கு அவரிடம் ஏதாவது இருந்தது.

இது ஒருவரின் கதை. ஆனால் எண்களும் இதன் பக்கமே நிற்கின்றன. அதே அஸ்ரெல்-பேட் குழுவினர் 2021இல் அவுஸ்திரேலிய நகரவாசிகளின் தனிமையுணர்வு பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வீட்டைச் சுற்றி 30 சதவீதமாவது பசுமை இருந்தவர்களுக்கு, 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தவர்களைவிட, தனிமையுணர்வு புதிதாக வரும் வாய்ப்பு 26 சதவீதம் குறைவாக இருந்தது. வீட்டில் தனியாக வாழ்பவர்களுக்கு அது பாதியாகவே குறைந்தது. பூங்கா வாங்கு என்பது மொழி தெரியாதவருக்கும் திறந்திருக்கும் ஒரு திண்ணை.

வெப்பமும் மரமும்

இது சுகத்தைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல. உயிரைப் பற்றிய பேச்சும்கூட.

2009 பெப்ரவரி 7ஆம் திகதி விக்டோரியாவில் ஏற்பட்ட காட்டுத்தீயை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். 173 பேர் மாண்டார்கள். அதற்கு முந்தைய கிழமை அடித்த கடும் வெப்பத்தில், வழக்கத்தைவிட 374 பேர் கூடுதலாக இறந்ததாக மாநிலச் சுகாதாரத் துறை பின்னர் கணக்கிட்டது. தீயைப் படம்பிடித்தார்கள். வீட்டுக்குள் வெப்பத்தால் இறந்த முதியவர்களை யாரும் படம்பிடிக்கவில்லை.

நீண்ட வறட்சியில் மெல்பேர்ணின் மரங்களும் நலிந்துபோயிருந்தன. மெல்பேர்ண் மாநகரசபை 2012இல் நகர்க்காட்டுத் திட்டம் ஒன்றை வகுத்தது. பொது நிலத்தில் 22 சதவீதமாக இருந்த மரநிழலை 2040க்குள் 40 சதவீதமாக்குவது அதன் இலக்கு. ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கமும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தார்கள். கிளை முறிந்தால், நோய் வந்தால் மக்கள் அறிவிக்கட்டும் என்பதே நோக்கம். ஆனால் மக்கள் மரங்களுக்கே கடிதம் எழுதத் தொடங்கினார்கள். அன்பைச் சொன்னார்கள், நன்றி சொன்னார்கள், சுகம் விசாரித்தார்கள். உலகின் பல மூலைகளிலிருந்தும் கடிதங்கள் வந்தன. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் கதையைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்த நமக்கு இது விநோதமாகத் தோன்ற வேண்டியதில்லை.

சிட்னியில் நம்மவர் பெரும்பாலும் வாழ்வது மேற்கில். கடற்காற்று அவ்வளவு தூரம் வந்துசேர்வதில்லை. 2020 ஜனவரி 4ஆம் திகதி பென்ரித்தில் 48.9 பாகை செல்சியஸ் பதிவானது. அப்படிப்பட்ட இடத்தில் புதிதாக எழும் குடியிருப்புகளைப் பாருங்கள். கூரையோடு கூரை முட்டுகிறது, கறுப்புக் கூரை, முன்னால் இரண்டு கார் நிறுத்தும் கொங்கிறீட், பின்னால் ஒரு பாய் அளவு புல். இருக்கும் மரத்தையும், சருகு விழுகிறது, தண்ணீர்ப் பீலி அடைக்கிறது என்று வெட்டக் கேட்கிறோம். நியூ சவுத் வேல்ஸ் அரசு, பெருநகரச் சிட்னியின் மரநிழலை 2036க்குள் 40 சதவீதமாக்க இலக்கு வைத்தது. அரசு வீதியில் நடலாம், பூங்காவில் நடலாம். நம் வளவுக்குள் நாம்தான் நட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

இயற்கை தாயென்று பாடிவிட்டு ஆபத்தை மறைப்பது சரியல்ல. சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

வெயில்: அவுஸ்திரேலியாவில் தோல்புற்றுநோய் அதிகம். அதனால் வெயிலை அஞ்சப் பழகிவிட்டோம். ஆனால் கருமையான தோலுக்கு அந்த ஆபத்து குறைவு. விற்றமின் டி தயாரிக்க அதற்குக் கூடுதல் வெயில் வேண்டும். எந்நேரமும் வீட்டுக்குள் இருக்கும் நம் பெண்களுக்கும் முதியோருக்கும் விற்றமின் டி குறைவதில் வியப்பில்லை. மெல்பேர்ணில் மே முதல் ஓகஸ்ட் வரை புறஊதாச் சுட்டெண் பெரும்பாலும் 3க்குக் கீழேதான். அந்த மாதங்களில் நண்பகலில் வெளியே வாருங்கள். கோடையில் நண்பகலைத் தவிர்த்துக் காலையிலும் மாலையிலும் நிழலில் நடவுங்கள். உங்களுக்கு எது பொருந்தும் என்று உங்கள் வைத்தியரிடம் ஒருமுறை கேளுங்கள்.

மகரந்தம்: 2016 நவம்பர் 21ஆம் திகதி மெல்பேர்ணில் இடிமழையோடு வந்த ஆஸ்துமா அலையில் 10 பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வைத்தியசாலைகளுக்கு ஓடினார்கள். றைகிராஸ் என்ற புல்லின் மகரந்தம் புயற்காற்றில் நுண்துகள்களாக உடைந்து நுரையீரலுக்குள் போனதே காரணம். முன்பு ஆஸ்துமா இல்லாத, தும்மல் மட்டுமே இருந்த பலர் பாதிக்கப்பட்டார்கள். தெற்காசிய, கிழக்காசியப் பின்னணி கொண்டவர்கள் தங்கள் எண்ணிக்கை விகிதத்தைவிட அதிகமாகப் பாதிக்கப்பட்டதும் பதிவாகியுள்ளது. ஆகவே மெல்பேர்ண் நண்பர்களே, ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை அரசு வெளியிடும் இடிமழை ஆஸ்துமா முன்னறிவிப்பைப் பாருங்கள். எச்சரிக்கை உள்ள நாளில், புயல் வருமுன் வீட்டுக்குள் வந்து ஜன்னலைச் சாத்துங்கள்.

உண்ணி: சிட்னியின் கரையோரப் புதர்களுக்குள் போனால் நீண்ட உடை அணியுங்கள். திரும்பி வந்ததும் பிள்ளைகளின் தலையையும் காதுப்புறத்தையும் தடவிப் பாருங்கள்.

கோயிலும் காடும்

கடைசியாக ஓர் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். சிட்னித் தமிழர் எல்லோரும் ஹெலன்ஸ்பேர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். 1980களில் எழுந்த கோயில். நெடுஞ்சாலையில் போகும்போது இடதுபுறம் நெடுக ஒரு காடு வருகிறதே, அதுதான் றோயல் தேசியப் பூங்கா. தாரவல் மக்களின் நிலம். 1879 ஏப்ரல் 26ஆம் திகதி அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. உலகில் இந்தப் பெயரோடு முதன்முதலில் ஒதுக்கப்பட்ட நிலங்களில் அதுவும் ஒன்று. நெரிசலும் நோயும் மிகுந்த சிட்னி மக்கள் வந்து நல்ல காற்றைச் சுவாசித்து இளைப்பாறவே அன்று அதை ஒதுக்கினார்கள். மக்களின் உடல்நலத்துக்கென்று விடப்பட்ட காடு.

நாம் என்ன செய்கிறோம்? அர்ச்சனை செய்கிறோம், கன்ரீனில் தோசை சாப்பிடுகிறோம், கார் ஏறி வீடு திரும்புகிறோம். ஆலயத்துக்குத் தலவிருட்சம் வைத்து, மரத்தை வலம்வந்து வணங்கிய மக்கள் நாம். அடுத்தமுறை போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அம்மா அப்பாவால் தூரம் நடக்க முடியாவிட்டால் நிழலில் ஒரு பாயை விரித்து உட்கார்ந்திருங்கள். அதுவும் போதும்.

ஆனால் ஹெலன்ஸ்பேர்க் வருடத்துக்கு நாலு தடவைதான். மற்ற நாட்களுக்குத் தெருமுனை மரம் இருக்கிறது. சூம் கூட்டங்களை, உடம்பு இடம்கொடுத்தால், காதில் கருவியை மாட்டிக்கொண்டு நடந்தபடி கேளுங்கள். வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டை வெளியே எடுத்துப்போங்கள். வீதியோரத்தில் மரம் இல்லையென்றால் உங்கள் மாநகரசபைக்கு எழுதிக் கேளுங்கள். பல சபைகள் தாமே வந்து நட்டுத் தருகின்றன. வாடகை வீடென்றால் தொட்டியில் கறிவேப்பிலை வையுங்கள். மரமில்லாத வீடு வாங்கியவர்கள் ஒன்றையாவது நடுங்கள். அதன் நிழலில் நீங்கள் உட்காரச் சில ஆண்டுகள் ஆகும்; பேரப்பிள்ளைகளுக்கு அது தயாராக இருக்கும்.

புலம்பெயர்ந்தோர் இலக்கியத்தை ஆறாம் திணை என்று சிலர் சொல்வதுண்டு. அந்தத் திணைக்குக் கருப்பொருள் எழுத வேண்டுமானால் இங்குள்ள மரங்களின் பெயராவது நமக்குத் தெரிய வேண்டும். தெரிந்துகொள்ள வெளியே போக வேண்டும்.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள். ஆனால் அதிகம் நீட்ட வேண்டாம். இங்கே சிட்னியில் இன்னும் கொஞ்சம் வெயில் மிச்சமிருக்கிறது.